கல்யாண வீட்டில் கொட்டச் சொன்ன சர்பத்

1973-ஆம் வருஷம், மே மாதம், ஒரு திங்கட்கிழமை. தண்டையார்பேட்டையில் என் கணவருடைய கடையில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. பிறந்த வீடு திருவொற்றியூர்தான் என்பதால் ஊர் ஒன்றும் புதிதில்லை. வியாபாரம்தான் புதிது.

கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்தடி அகலம் இருக்கும். முன்பக்க அலமாரியில் ரோஸ் எசன்ஸ், வெனிலா எசன்ஸ், கேசரி கலர், அப்பளக்காரம், சோடா உப்பு. பின்பக்க அலமாரியில் துணிக்குப் போடும் சாயப் பவுடர். அக்கம்பக்கத்துச் சந்துகளில் பழைய புடவைகளுக்குச் சாயம் ஏற்றித் தரும் குடும்பங்கள் ஏழெட்டு இருந்தன, அவர்களுக்காக வைத்திருந்தோம். சாப்பிடுகிற சாமானையும் சாயத்தையும் ஒரே கூரையின் கீழ் விற்கலாமா என்று இன்றைக்குக் கேட்பீர்கள். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எல்லாமே பழைய பிஸ்கட் டப்பாக்கள். பெயரெழுதிய காகிதத்தை மைதாப் பசையால் ஒட்டிவைப்பார் என் கணவர். பசைக்கு ஆசைப்பட்டுக் கரப்பான் அந்தக் காகிதத்தைத் தின்றுவிடும். அதனால் டப்பா இருக்கும் இடத்தை வைத்தே அவர் எது எது என்று சொல்லிவிடுவார். எனக்கும் கொஞ்சம் பழகியிருந்தது. ஆனால் முந்தின வாரம்தான் எலித் தொல்லை என்று இரண்டு அலமாரிகளையும் காலி செய்து, துடைத்து, திரும்ப அடுக்கியிருந்தோம். பாதியை அடுக்கியவள் நான்.

அன்று அவர் சரக்கு எடுக்கப் பாரிமுனைக்குப் போய்விட்டார். திரும்பிவர இருட்டிவிடும் என்று சொல்லியிருந்தார்.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கலாம். மடிப்புக் கலையாத புதுப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம். நிற்கக்கூட நேரமில்லாதவர் போலப் பேசினார். அக்கா மகளுக்குக் கல்யாணமாம். காலையிலேயே மாதா கோயிலில் தாலி கட்டி முடிந்துவிட்டதாம். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் பெண் வீட்டுப் பந்தலுக்கு வருகிறார்களாம்.

"சர்பத் போடணும்மே. போன கல்யாணத்துல வெளுத்துப்போய் கெடந்துச்சு, ஊரே சிரிச்சிச்சு. நல்லா செவப்பா கீற மாதிரி கலர் குடு" என்றார்.

சர்பத் சிவப்பு வழக்கமாக இருக்கும் இடத்தில் கை வைத்தேன். ஒரு டப்பா இருந்தது. காகிதம் இல்லை. திறந்தால் உள்ளே சிவப்புப் பவுடர், அடியில் கொஞ்சம்தான். தட்டித் தட்டிக் கொட்டினேன். இருபத்தைந்து கிராமுக்குச் சரியாக வந்தது. பொட்டலம் கட்டி, ரோஸ் எசன்ஸ் ஒரு பாட்டிலும் எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா போய்விட்டார்.

இந்தப் பவுடரில் ஒரு விசித்திரம் உண்டு. காய்ந்திருக்கும்போது செங்கல் தூள் மாதிரி மங்கலாகத்தான் தெரியும். ஈரம் பட்டதும்தான் அதன் நிஜ நிறம் வெளியே வரும். குடத்துத் தண்ணீரில் கை கழுவினேன்; விரல்கள் ரத்தச் சிவப்பாகிவிட்டன. அது வழக்கம்தான். வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டால் போய்விடும். ஆனால் அன்று சாயங்காலம் வரை கடையிலேயே இருக்க வேண்டும். வருகிறவர்களுக்குச் சோடா உப்பு எடுத்துக் கொடுத்தால் அதுவும் சிவந்துவிடுமே என்று பக்கத்து சோடாக் கடையில் அரை மூடி எலுமிச்சம்பழம் வாங்கித் தேய்த்தேன். எந்தக் கறைக்கும் எலுமிச்சைதான் மருந்து என்று என் பிறந்த வீட்டில் சொல்வார்கள்.

கறை போகவில்லை. இன்னும் பளிச்சென்று ஏறியது. ரேகைக்குள்ளே, நகக்கண்ணுக்குள்ளே எல்லாம் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் விட்டுத் தேய்க்கிறேன், தேய்க்கிறேன், ஒரு சொட்டு நிறம் இறங்கவில்லை.

அப்போதுதான் என் கணவர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. "சாப்பாட்டுக் கலர் கைய விட்டு ரெண்டு கழுவுல போயிடும். துணிச் சாயம் புடிச்சா ஒரு வாரம் ஆனாலும் விடாது. வித்தியாசம் தெரியலேன்னா கையப் பார்த்துக்க."

கையைப் பார்த்தேன். 

எழுந்து போய்ப் பின்பக்க அலமாரியைப் பார்த்தேன். அங்கேயும் காகிதம் இல்லாத ஒரு டப்பா. அதற்குள்ளேயும் சிவப்புப் பவுடர், முக்கால் டப்பா. நான் கொட்டிய டப்பாவில் ஒட்டியிருந்த தூளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்று அடர்த்தி, ஒன்று வெளுப்பு என்று ஒரு நிமிஷம் தோன்றும். அடுத்த நிமிஷம் அப்படியே தலைகீழாகத் தோன்றும். அடுக்கும்போது இவற்றை எங்கே வைத்தேன் என்று யோசித்தால், வைத்த மாதிரியும் இருக்கிறது, வைக்காத மாதிரியும் இருக்கிறது.

சோடாக் கடைக்காரரிடம் கையைக் காட்டினேன். "எல்லாக் கலரும் கைல ஒட்டத்தாம்மா செய்யும். இதுக்குப் போய் இன்னாத்துக்குப் பேஜாரு?" என்று அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவர் சொன்னதும் சரி என்றுதான் பட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷம் கூட உட்கார முடியவில்லை. கல்யாண வீட்டில் சர்பத் கலந்தால் முதலில் டம்ளரை நீட்டுவது குழந்தைகள்தான் என்ற நினைப்பு வந்துவிட்டது.

கடையின் பலகைகளை ஏனோதானோ என்று போட்டுப் பூட்டிவிட்டு ரிக்‌ஷா ஸ்டாண்டுக்கு ஓடினேன். புதுப் புடவை கட்டிய அம்மாவை ஏற்றிப்போனது யார், எங்கே போனார்கள் என்று கேட்டேன். அந்த வண்டி இன்னும் திரும்பவில்லை. "ராயபுரம் ஸ்டேஷனுக்கு அந்தாண்ட எறங்கணும்னு பேசிகினு ஏறுனாங்க" என்று மட்டும் ஒருவர் சொன்னார். அவர் வண்டியிலேயே ஏறிக்கொண்டேன். துறைமுகத்து லாரிகள் வரிசையாக நின்று வழியை அடைத்திருந்தன. வண்டி நகரவே இல்லை. பாதி வழியில் இறங்கி, வெயிலில் நடையும் ஓட்டமுமாகப் போனேன்.

ஸ்டேஷனைத் தாண்டியதும் ஒரு தெருவில் பந்தல் தெரிந்தது. வாழை மரம், காகிதத் தோரணம், நாற்காலிகள், டம்ளரும் கையுமாக மனிதர்கள். எதையும் சரியாகப் பார்க்காமல் உள்ளே நுழைந்து, "குடிக்காதீங்க! யாரும் குடிக்காதீங்க! சர்பத்ல சாயம் கலந்திருக்கு!" என்று கத்திவிட்டேன்.

பந்தல் அப்படியே நின்றுபோனது. ஒருவர் வாயிலிருந்ததைத் துப்பினார். ஒரு பெண் குழந்தையின் வாயில் விரலை விட்டாள். பிறகு ஒரு பெரியவர் தன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இது காப்பிம்மா. காப்பி குடிக்கலாமா?"

அந்த வீட்டில் சர்பத்தே போடவில்லை. அது கல்யாணப் பந்தலும் இல்லை, காது குத்து. நான் நின்ற கோலத்தையும் சிவந்த கையையும் பார்த்துப் பயந்துபோன ஒரு அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். யாரோ சிரித்தார்கள். யாரோ திட்டினார்கள். கல்யாண வீடு அடுத்த சந்து என்றும், வலை உலர்த்தும் மைதானத்தை ஒட்டி வின்ச்காரர் வீடு என்று கேட்டால் சொல்வார்கள் என்றும் ஒருவர் வழி காட்டினார். அங்கிருந்து போகும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு தடவை தப்பாகக் கத்தியாயிற்று. இரண்டாவது தடவையும் தப்பாக இருந்தால்?

இரண்டாவது பந்தலில் நான் கத்தவில்லை. வாசலிலேயே அந்தப் புதுப் புடவைக்கார அம்மா நின்றிருந்தார். பக்கத்தில் பெரிய அண்டா. அதற்குள் ஐஸ் கட்டி மிதக்க, நிறைய சர்பத். அப்படி ஒரு சிவப்பை நான் பார்த்ததில்லை. அவர் உதடு சிவந்திருந்தது. ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த ஆளின் உதடும் சிவந்திருந்தது. அண்டாவைச் சுற்றி ஓடிய இரண்டு குழந்தைகள் நாக்கை நீட்டி யாருடையது அதிகச் சிவப்பு என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தன.

அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் புரியவே இல்லை. "இன்னாமே சொல்ற? நீதான குடுத்த?" என்றார். நான்தான் கொடுத்தேன் என்றேன். "அப்பறம் இன்னா?" என்றார்.  தப்பானதைக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை, சரியானதைக் கொடுத்தேன் என்று சொல்லவும் முடியவில்லை. சத்தம் கேட்டுக் கல்யாணப் பெண்ணின் அப்பா வந்துவிட்டார்.

துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். கறுத்து உயர்ந்த மனிதர். தோளுக்குப் பொருந்தாத ஒரு கோட்டு மாட்டியிருந்தார். நான் திக்கித் திணறிச் சொன்னதை முழுக்கக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அது துணிச் சாயம்னு உனக்கு நல்லாத் தெரியுமாம்மா?"

"தெரியலைங்க" என்றேன்.

"சாப்பாட்டுக் கலரா இருக்கலாமா?"

"இருக்கலாம். அதுவும் தெரியலை."

புதுப் புடவைக்கார அம்மா தலையில் அடித்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள், பேண்டு சத்தம் கேட்கிறது, இவள் தெரியாது தெரியாது என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறீர்களே என்று அவரைச் சத்தம் போட்டார். பெண்ணின் அப்பா என் கையை ஒரு தடவை பார்த்தார், அண்டாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, ஐஸ் உடைத்த ஆளைக் கூப்பிட்டு, இருவருமாக அண்டாவைச் சாய்த்தார்கள்.

சர்பத் சாக்கடை வரை ஓடிப் போனது. மண் குடித்தது போக மிச்சம் சந்தின் நடுவில் சிவப்பாகத் தேங்கி நின்றது. மாப்பிள்ளை வீட்டார் அதைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. வெள்ளை வேட்டியும் பட்டுப் புடவையுமாக வந்தவர்கள் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினார்கள். இது என்ன, என்ன ஆயிற்று என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் கேட்டார்.  என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். காட்டிக்கொடுத்தால் நியாயம்தான்.

"பல்லி வுழுந்துடுச்சி, மச்சான். எங்க ஆளுங்க மூடி வைக்காம வுட்டுட்டாங்கோ. தப்பு எங்க பேர்லதான்" என்றார் பெண்ணின் அப்பா.

தாய்மாமன் சும்மா விடவில்லை. வந்தவர்களுக்கு ஒரு வாய் சர்பத் ஒழுங்காகத் தரத் தெரியாத வீடு என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். விருந்தில் கை நனைக்காமலே போய்விட்டார். அவரோடு நாலைந்து பேரும் கிளம்பிப் போனார்கள். மணப்பெண் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஐஸ் தண்ணீரை மொண்டு மொண்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள். நான் ஒரு மூலையில் நின்றேன். போகவும் மனம் வரவில்லை, நிற்கவும் கூசியது.

குடித்துவிட்ட நாலு பேருக்கு என்ன ஆகுமோ என்ற பயம் ஒரு பக்கம். விருந்துக்கு வந்தவர்களில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு அந்த நாலு பேரையும் காட்டினார் பெண்ணின் அப்பா. கம்பவுண்டர் நாக்கையும் கண்ணையும் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றுமில்லை, வாந்தி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று சொன்னார். ஆஸ்பத்திரிக்கு இப்போதே போகலாமே என்றேன் நான். கல்யாண வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் என்ன பேசும் என்று புதுப் புடவைக்கார அம்மா மறுத்துவிட்டார். நிறைய மோர் குடிக்க வைத்தார்கள். விளக்கு வைக்கும் நேரம் வரை நான் அந்த நாலு பேர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தைகள் ஆடிக்கொண்டுதான் இருந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாக்குச் சிவப்பு மட்டும் போகவில்லை.

திரும்பி வந்தபோது என் கணவர் பூட்டிய கடை வாசலில் நின்றிருந்தார். முதலில் கோபித்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகமும் வெளுத்துவிட்டது. இரண்டு டப்பாக்களையும் எடுத்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாள் இடத்தை நம்பித்தான் விற்றுக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் காலையில் வழக்கமாகச் சாயம் வாங்க வரும் ஒரு அக்கா வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். புருஷனும் மனைவியுமாகச் சந்துக்குள் வீட்டிலேயே சாயம் காய்ச்சுகிறவர்கள். அவர் கை எப்போதும் முழங்கை வரை நீலமாக இருக்கும். என் கையைப் பார்த்துவிட்டு, "இன்னா, நீயும் நம்ம தொழிலுக்கு வந்துட்டியா?" என்று சிரித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டு டப்பாக்களையும் கேட்டார்.

எங்கள் வீட்டு அடுப்பிலேயே இரண்டு பாத்திரம் வைத்தோம். ஒன்றில் பின் அலமாரி டப்பாவின் பவுடர். இன்னொன்றில், நான் தட்டிக் கொட்டிய டப்பாவைத் தண்ணீர் விட்டு அலசியதில் வந்த சிவப்பு. இரண்டிலும் கொஞ்சம் உப்புப் போட்டு, பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து பாத்திரத்துக்கு ஒரு துண்டு போட்டுக் கொதிக்கவைத்தார். பிறகு இரண்டையும் குழாயடியில் அலசினார். பின் அலமாரிப் பவுடரில் ஊறிய துண்டு சிவப்பாகவே இருந்தது. மற்றது அலச அலச வெளுத்து, கடைசியில் மங்கலான ரோஸ் நிறத்துக்கு வந்து நின்றது.

"நீ குடுத்தது சாப்பாட்டுக் கலர்தாம்மே. பருத்தில நிக்கல பாரு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்படியானால் என் கையை ஏன் இப்படிப் பிடித்தது என்று கேட்டேன். கறையைப் போக்க என்ன போட்டாய் என்று திருப்பிக் கேட்டார். எலுமிச்சை என்றதும் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"பட்டுக்கும் கம்பளிக்கும் சாயம் ஏத்துறப்ப நாங்க புளிப்புதான் ஊத்துவோம். புளிப்பு பட்டா அந்தச் சாயம் கெட்டியாப் புடிச்சிக்கும். நம்ம தோலும் பட்டு, கம்பளி ஜாதிதான். பருத்தி ஜாதி இல்ல. உன் கைய நீயே சாயத்துல முக்கி எடுத்திருக்க. அவங்க சர்பத்லயும் எலுமிச்சை புழிஞ்சிருப்பாங்க, அதான் நாக்கு அப்டி செவந்துச்சு. தோலு தானா உரிஞ்சி புதுசு வர்றப்பதான் போவும்."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு அண்டா நல்ல சர்பத்தைக் கொட்டவைத்து, முன்பின் தெரியாத ஒரு மனிதரைச் சம்பந்திகள் முன்னால் தலைகுனிய வைத்திருக்கிறேன். அத்தனையும் வீண்.

இதை அவர்களிடம் போய்ச் சொல்வதா, வேண்டாமா? இதுதான் அடுத்த குழப்பம். என் கணவர் வேண்டாம் என்றார். அவர்கள் இப்போது ஆபத்திலிருந்து தப்பித்தோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். அது வீண் அவமானம் என்று தெரிந்தால்தான் வயிறு எரியும். கடை பெயரும் கெடும் என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. சொல்லாமல் இருப்பதுதான் அவர்களுக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பெண்ணின் அப்பா முகத்தை மறுபடி பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஒரு நாள் சொல்ல வேண்டும் என்று தோன்றும், மறுநாள் வேண்டாம் என்று தோன்றும். இப்படியே எட்டு நாள் ஓடிவிட்டது.

எட்டாம் நாள் அந்தச் சாயக்கார அக்கா மறுபடி கடைக்கு வந்தார். "போய்ச் சொல்லிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வைக்குப் பிறகு என்னால் இருக்க முடியவில்லை. என் கணவரிடம் சொல்லிவிட்டு ராயபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

பெண்ணின் அப்பா காலை ஷிப்ட் முடிந்து வந்து, வாசலில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு எழுந்தார். நான் உட்காரக்கூட இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சர்பத் நல்ல சர்பத்துதான், என் அவசரத்தால்தான் உங்களுக்கு அந்த அவமானம் என்று சொல்லிக் கும்பிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. என்னை உட்காரச் சொன்னார். பிறகு கேட்டார்: "இது எப்பம்மா தெரிஞ்சிச்சு உனக்கு?"

"மறுநாளே தெரிஞ்சிடுச்சுங்க."

"மறுநாளேவா?" என்றார். அவர் குரல் அப்போதுதான் மாறியது. "கொட்டுனது போவட்டும். மாப்ள மாமன் நேத்து வந்து மீன் கொழம்பு துன்னுட்டுப் போய்ட்டான், அது சரியாப் பூட்ச்சி. என் கொழுந்தியாவப் போய்ப் பாரு மொதல்ல. உள்ளதான் படுத்துனு கீறா."

உள்ளே போனேன். பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. அன்று மின்னல் மாதிரி வந்து நின்றவர், கண்ணெல்லாம் குழிவிழுந்து கிடந்தார். வேறொன்றும் இல்லை. நாக்கில் சிவப்பு உடனே போகாததைப் பார்த்து, துணிச் சாயம் உள்ளே போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலை அரிக்கிறது என்று நினைத்துவிட்டார். கம்பவுண்டர் சொன்னதையும் நம்பவில்லை. சிவப்பு போன பிறகும் பயம் போகவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. முந்தின நாள்தான் மாதா கோயில் சாமியாரை வரவழைத்து, சாவதற்கு முன் செய்த பாவங்களைச் சொல்லிவிட வேண்டும் என்று பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டாராம். தன்னோடு குடித்த அந்த இரண்டு குழந்தைகளையும் ராத்திரியில் எழுப்பி எழுப்பி மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அதில் ஒன்று அவருடைய பிள்ளை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. மறுபடி சொன்னேன். வேட்டித் துண்டைக் கொதிக்கவைத்தது, அலசியது, அக்கா சொன்னது எல்லாம் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"சாவ மாட்டேனா?"

"மாட்டீங்கக்கா. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல."

பளார் என்று என் தோளில் ஒரு அடி விழுந்தது. நல்ல பலமான அடி. அடித்த கையாலேயே என்னைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். அழுகைக்கு நடுவே, "எட்டு நாளு... எட்டு நாளு வாய மூடிகினு இருந்தியே பாவி!" என்றார். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு வாசல் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "கேட்டியா மாமா? ஒரு அண்டா சர்பத்து! சக்கரைலேந்து எசன்ஸ் வரைக்கும் நானே பாத்துப் பாத்துப் போட்டது! ருசி நல்லாத்தான் கீதுன்னு அன்னிக்கே தலபாடா அடிச்சிகினேன், யார்னா கேட்டீங்களா?"

வெளியே அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. அன்று அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். அந்த அம்மாவும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார். எட்டு நாளில் அவர் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான் என்று பெண்ணின் அம்மா என் காதில் சொன்னார். எனக்குத்தான் ஒரு கவளமும் சரியாக இறங்கவில்லை.

அடுத்த வாரமே சாய டப்பாக்களை எல்லாம் என் கணவர் ஒழித்துவிட்டார். சாப்பாட்டுச் சாமான் மட்டும்தான் இனிமேல் என்று முடிவு செய்தோம். சாயக்கார அக்காவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். சாயம் வாங்கத் தங்கசாலைத் தெரு வரை நடக்க வேண்டியதாகிவிட்டது. ஆனால் ஏன் என்று அவர் கேட்கவில்லை.

பல வருஷங்களுக்குப் பிறகு, அந்தக் காலத்தில் சாப்பாட்டுக்கு என்று நாங்கள் விற்ற சிவப்புகளில் சிலவற்றையும் கூடாது என்று நிறுத்திவிட்டதாகப் பேப்பரில் படித்தேன். அன்று கொட்டியது நல்லதற்கா, வீணா என்று மறுபடி ஒரு குழப்பம் வந்துவிட்டது. என் கணவரிடம் கேட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அன்று தெரியாமலே ஓடினேனே, அது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை முடிவாகச் சொல்லத் தெரியாது. ஆனால் தெரிந்த பிறகு ஓடாமல் உட்கார்ந்திருந்த எட்டு நாள் தப்பு என்பதில் மட்டும் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இப்போதும் யாருக்காவது நல்ல சேதி சொல்ல வேண்டியிருந்து, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனம் சோம்பினால், பாயில் எழுந்து உட்கார்ந்து "சாவ மாட்டேனா?" என்று கேட்ட அந்த முகம் என்னை உடனே எழுப்பிவிடுகிறது.